முன்கூட்டிச் சொன்ன சாட்சி

"எல்லாரும் கண்களை மூடுவோம்" என்று பாஸ்டர் எட்வின் சொன்னதும் இன்பராஜ் தன் கண்களை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டான். அவன் வேலை அப்படி. சபை மொத்தமும் கண்ணை மூடுகிற நேரத்தில்தான் கீபோர்டுக்காரனுக்குக் கண் தேவைப்படும். எந்தச் சுருதியில் தொடங்குவார், எதில் ஏறுவார், எங்கே போய் மாட்டிக்கொள்வார் என்பது பாஸ்டருக்கே தெரியாது, ஆனால் பின்னால் இருந்து அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும். பதினேழு வருஷமாக அந்தத் தோளைப் பார்க்கிறான், மனைவி சுகிர்தாவின் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்திருப்பானா என்பது சந்தேகம். இடது கை இரண்டு கட்டைகளை அழுத்திக்கொண்டு நின்றது. வலது கை மேலே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவசரமில்லாமல் நகர்ந்தது. தகரக் கூரைக்குக் கீழே கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் சத்தம், வயலின் கூட்டம் மாதிரி, பரவியது, இருநூறு பேர் ஆளுக்கொரு குரலில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் சனிக்கிழமை உபவாச ஜெபம், காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை, பாளையங்கோட்டையில் ஒரு மரக்கடையின் மாடியில். கீழே அறுக்கிற சத்தம் கேட்டது, ஜெபத்துக்காக அவர்கள் கடையை நிறுத்துவார்களா என்ன. மணி பதினொன்றரை. ஜெபம் முடிந்ததும் அவன் சாட்சி சொல்ல வேண்டும், பிறகு அந்தப் பாட்டைப் பாட வேண்டும். எல்லா மாதமும் அப்படித்தான். இந்த மாதம் மட்டும் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி ஐந்து வயதுப் பெண்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள், அவன் கண் எங்கே போனாலும் அங்கேயே வந்து நின்றது. பாஸ்டரின் தோளைப் பார், தோளைப் பார். காலையில் படியேறும்போதுதான் அவள் அவனைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்கதான இன்பராஜ் அண்ணன்? 'விழுந்த இடத்திலே நிற்கவைத்தீர்' பாடுனது? திசையன்விளைல இருந்து வாறோம்ணே. எம்பேரு ஜெபசெல்வி. இது ரின்சி. ரெண்டு வயசுல இருந்து வலிப்பு. மாத்திர குடுத்துக்கிட்டுத்தான் இருந்தோம். போன வாரம் போன்ல உங்க சாட்சியக் கேட்டேன். உங்க வீட்டு அக்காவுக்கு வலிப்புல இருந்து சுகம் குடுத்த கர்த்தர் எம்பிள்ளைக்குக் குடுக்க மாட்டாரா? செவ்வாக்கெழமையோட மாத்திரைய நிறுத்திட்டேன்." அதற்கு அவன் என்ன சொன்னான்? "சந்தோஷம்மா" என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்து ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மேலிருந்து பாஸ்டர், "பிரதர், நேரமாச்சு" என்று கூப்பிட்டார், அவனும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு ஏறி வந்துவிட்டான்.

சந்தோஷம்மா. என்ன சந்தோஷம், எதில் சந்தோஷம். புதன், வியாழன், வெள்ளி, சனி. நாலு நாள். இப்படிப்பட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்கு ஒரு டாக்டர் மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறார், முன்பு வந்ததைவிடப் பலமாக வரும், விட்டு விட்டு வராமல் விடாமல் வரும். பாஸ்டரின் குரல் ஏறியது, கை தானாக அடுத்த கட்டைக்குப் போய் அவரைத் தாங்கியது. பாட்டு பொய் இல்லை. அதை யார் சொன்னாலும் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். அந்தப் பாட்டு வந்த காலை இன்னும் உடம்பில் இருக்கிறது. கல்யாணமாகி எட்டாவது வருஷம், பிள்ளை இல்லை என்பதை இருவரும் பேசாமலிருக்கப் பழகியிருந்த காலம். சுகிர்தா அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பியவள் திரும்பியபடியே விழுந்தாள். அவன் ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளில் கிடந்த துண்டைச் சுருட்டித் தலைக்கடியில் கொடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். செய்யக்கூடியது அவ்வளவுதான், எவ்வளவு நேரம் என்று பார்ப்பது மட்டும்தான் புருஷன்காரன் வேலை. இரண்டு நிமிஷம், இரண்டரை. நாக்கைக் கடித்திருந்தாள், கன்னத்தில் ரத்தமும் எச்சிலும். பிறகு மெல்ல அடங்கி, வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்து, "அத்தான், பால் பொங்கிட்டா?" என்று கேட்டாள். பொங்கி, வழிந்து, அடுப்பே அணைந்துபோயிருந்தது. அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள், நின்றாள், துணியை நனைத்து அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். அவள் நின்ற அந்த நிலையைப் பார்த்தபோது வரியும் மெட்டும் சேர்ந்து ஒரே மூச்சில் வந்தன. கேஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதினான். எழுதும்போது சமையலறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார், அதை அவன் இன்றைக்கும் நம்புகிறான், அந்த நம்பிக்கையில் கைவைக்க யாரையும் விடமாட்டான். அவர் சுகம் கொடுக்க வரவில்லை. சும்மா கூட இருந்தார். அவ்வளவுதான் பாட்டு. அதன்பிறகுதான் திருநெல்வேலி டாக்டர் மாத்திரையை மாற்றினார், புது மாத்திரையில் ஒரு மாதம் விழவில்லை, ஆறு மாதம் விழவில்லை, பதினாலு மாதம். பாஸ்டர் வீட்டுக்கு வந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பிரதர், கன்வென்ஷன்ல நீங்க சாட்சி சொல்லணும்" என்றார். "சுகி இன்னும் மாத்திர போட்டுக்கிட்டுத்தான் இருக்கா பாஸ்டர்." "அத எதுக்குச் சொல்லணும்? விசுவாசத்துல சொல்லுங்க. நாம சொல்லணும், கர்த்தர் நிறைவேத்துவாரு. எத்தன பேருக்குப் பாத்திருக்கேன்." அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதுதான் கஷ்டம். சுகம் வருவதற்கு முன்பே வந்துவிட்டதாக நன்றி சொல்வது அவர்களிடத்தில் உள்ள வழக்கம்; சிலருக்கு வந்தும் இருக்கிறது. பாஸ்டரே தன் சர்க்கரை போய்விட்டதாக மேடையில் சொல்லிவிட்டு, கீழே இறங்கிவந்து சர்க்கரை இல்லாத காப்பி குடித்தவர்தான். இன்பராஜ் மேடையில் ஏறினான். நடந்ததை எல்லாம் நடந்தபடியே சொன்னான், மாத்திரை என்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். விட்ட இடம் தெரியாதபடி உடனே பாட்டை எடுத்தான். ஜனங்கள் எழுந்து நின்று அழுதார்கள். யாரோ போனில் பிடித்தார்கள், அது துபாய் போனது, மலேசியா போனது, கடைசியில் திசையன்விளைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மூன்று மாதம் கழித்துச் சுகிர்தா குளியலறையில் விழுந்தாள், நெற்றியில் நாலு தையல். பாஸ்டரிடம் போய்ச் சொன்னான், சொல்லாமல் இல்லை. அவர், "இது சோதன பிரதர். சாட்சியத் திரும்ப எடுத்தோம்னா சத்துருவுக்கு இடம் குடுத்த மாதிரி ஆயிரும்" என்றார். அவனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, வசதியாக இருந்தது என்பதை இப்போதுதான், இந்த வலது கை சும்மா நகர்ந்துகொண்டிருக்கும்போதுதான், தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிகிறது. வெளியூர்ச் சபைகளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்பராஜ் அண்ணன், இன்பராஜ் அண்ணன் என்று மாலை போடாத குறை. சரி, அவன் பாடு அப்படி, சுகிர்தா பாடு என்ன ஆனது? சாட்சிக்குப் பிறகு பெண்கள் அவளைத் தொட்டுப் பார்த்தார்கள், நோயாளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் கையை எடுத்து அதுகள் தலையில் வைத்துக்கொண்டார்கள். அவள் வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருப்பாள். ஆராதனை நடுவில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பாட்டுக்குக்கூட எழுந்து நிற்க மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பித் தலை சீவிப் பூப்போட்ட சேலை கட்டி வாசல் வரை வந்தவள், செருப்பைப் போட்ட காலோடு நின்று, "நீங்க போய்ட்டு வாங்க அத்தான்" என்றாள். அன்றோடு சரி. மூன்று வருஷம் ஆகிறது. கேட்பவர்களுக்கு அவன் முதலில் அவள் அப்பாவுக்குச் சுகமில்லை, பார்த்துக்கொள்கிறாள் என்றான். அவர் இறந்துபோய், சபையே அடக்கத்துக்கு வந்துவிட்டுப் போனபிறகு, வீட்டில் சிறுபிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள் என்றான். ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுகமான ஒரே பெண்பிள்ளை ஆலயத்துக்குள் கால்வைக்க முடியாமல் இருக்கிறாள், சுகமாகாத மற்ற எல்லாரும் வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று காலையில் அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னைக்கும் அதச் சொல்லப் போறியளா?" "அவுங்க கேப்பாவ சுகி. மாட்டேன்னா ஏன்னு கேப்பாவ." "நா ஒண்ணும் சொல்லல அத்தான். ஒங்க பாட்டுல நிக்கது நா இல்ல, வேற யாரோ. அவளப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு." கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பான், சண்டை போட்டால் பாதி பாரம் இறங்கும். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் கீபோர்டைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வருகிற வழியெல்லாம் பட்டை தோளை அறுத்தது.

பாஸ்டர் மூச்சு வாங்கினார், இன்பராஜ் மேஜரிலிருந்து சோகமான மைனருக்கு இறங்கினான், பெண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று விம்மல் எழுந்தது. அவனுக்குத் தெரியும், இந்த இடத்தில் இறங்கினால் விம்மல் வரும். கட்டையை அழுத்தினால் ஜனம் அழுகிறது, எடுத்தால் நிற்கிறது, இதில் கர்த்தர் எங்கே, கைவேலை எங்கே என்று சின்ன வயதில் நினைத்ததே இல்லை. இப்போது நினைக்காத நாள் இல்லை. இருந்தாலும் அவர் இல்லை என்று அவனால் நினைக்க முடியவில்லை, இல்லை என்றால் எவ்வளவு லேசாக இருக்கும், எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். இருக்கிறார், பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுதான் தொல்லை. ஆண்டவரே என்று உள்ளே கூப்பிட்டான், கூப்பிட்டபிறகு கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் கேட்க வேண்டியது அவரிடத்தில் இல்லை, செய்ய வேண்டியது தன் கையில் இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்தது. சரி, கூட்டம் முடிந்ததும் படியில் அந்தத் தங்கச்சியைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம். காதோடு காதாக. மாத்திரையை நிறுத்தாதேம்மா, விசுவாசமும் இருக்கட்டும் மாத்திரையும் இருக்கட்டும் என்று. அப்படிச் சொன்னால் கேட்பாளா? மேடையில் ஒன்றைச் சொல்லி அவளைப் பறக்கவைத்துவிட்டு, படியில் நின்று இறங்கு என்றால் எதை நம்புவாள்? மேடையைத்தான் நம்புவாள். படியில் சொன்னதைச் சோதனை என்று எடுத்துக்கொள்வாள், அதற்கும் பாஸ்டர் பாடம் நடத்தி வைத்திருக்கிறார். இல்லையென்றால் மூன்றாவது சரணத்தைப் பாடலாம். கேஸ் பில்லில் மூன்று சரணம் இருந்தது. மறுபடி விழுகிற நாளிலும் கூட இருப்பீர் என்று மூன்றாவது. அது அவிசுவாசமாக இருக்கிறது என்று பாஸ்டர் எடுத்துவிடச் சொன்னார், அவனும் எடுத்துவிட்டான். இன்று அதைச் சேர்த்துப் பாடினால் புரிகிறவர்களுக்குப் புரியாதா? புரியாது. நன்றாகத் தலையாட்டிக் கைதட்டுவார்கள், திசையன்விளைக்குப் போகிற பஸ்ஸில் அதையும் முணுமுணுத்துக்கொண்டு போவாள். பாட்டில் ஒளித்து வைத்துச் சொல்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே கசந்தது. சொன்னால் என்ன ஆகும், அதையும் பார்த்துவிடுவோமே. பாஸ்டர் முகத்தில் எப்படி முழிப்பது. பதினேழு வருஷம். இந்தச் சபைக்கு வெளியே அவனுக்கு ஒரு மனுஷர் கிடையாது, ஆஸ்பத்திரியில் சுகிர்தா கிடந்தபோது சோறு கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான், பின்வரிசையில் தூங்கி வழிகிற அந்தக் கிழவர் இரண்டு இரவு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவர்களெல்லாரும் அழுது பாடிய பாட்டை அவனே எழுந்து உடைக்க வேண்டும். துபாயிலிருந்து வருவார்கள் கேட்பதற்கு. பொய்யன் என்பார்கள், சொல்லட்டும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். சுகிர்தாவையும் சேர்த்துச் சொல்வார்களே. அவளிடம் கேட்காமல் சாட்சி சொன்னான், இப்போது அவளிடம் கேட்காமலே அதைத் திரும்ப எடுப்பதா? கேட்டுவிட்டு அடுத்த மாதம் சொல்லலாம். ஆமாம், அடுத்த மாதம். கேட்டுவிட்டு, முறையாக, பாஸ்டரிடமும் முன்பே பேசிவிட்டு. அந்த யோசனை வந்ததும் உடம்பு தளர்ந்தது, கை தானாக மேஜருக்கு ஏறியது, பாஸ்டர் அதற்கேற்றாற்போல, "நன்றி சொல்லுவோம், நன்றி சொல்லுவோம்" என்று உற்சாகமானார். அப்போது அவர் மைக்கில், கண்ணைத் திறக்காமலேயே, "இந்த நேரத்துல வியாதியோட வந்திருக்க பிள்ளைகள முன்னால கொண்டு வாங்க. இன்பராஜ் பிரதர் குடும்பத்துல அற்புதம் செஞ்சவர் இன்னைக்கும் செய்வாரு" என்றார். பச்சைச் சேலைக்காரி எழுந்தாள்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டு மேடைக்கு நேர்கீழே வந்து பாயில் உட்கார்ந்து, மறுபடி மடியில் கிடத்திக்கொண்டாள். இப்போது ரின்சி அவனுக்கு ஆறடி தூரத்தில் இருந்தாள். எண்ணெய் தேய்த்து இரட்டைச் சடை, காதில் தக்கையான ஒரு தோடு. அவள் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் சிமிட்டவில்லை. வலது கையின் கட்டைவிரல் அம்மாவின் சேலைத் தலைப்பைத் தேய்த்தது, ஒரே இடத்தில், ஒரே மாதிரி, தேய்த்துத் தேய்த்து, உதட்டின் ஓரம் ஒருமுறை இழுத்தது. தாய்க்காரி கண்ணை இறுக மூடிக் கன்னத்தில் நீர் வடிய ஜெபித்துக்கொண்டிருந்தாள். பார்த்தவன் அவன் ஒருவன்தான், இருநூறு பேரில் கண் திறந்திருந்தவன் அவன் ஒருவன்தான். சுகிர்தாவுக்கும் இப்படித்தான் தொடங்கும், சிலசமயம் வந்தது தெரியாமல் அடங்கிப்போகும், சிலசமயம் அடங்காது. எது என்று தெரிய அரைநிமிஷம் ஆகும். அந்த அரைநிமிஷத்தில் அவன் அடுத்த மாதத்தைப் பார்த்தான், அதற்கடுத்த மாதத்தைப் பார்த்தான், கேட்டுவிட்டு முறையாகச் சொல்கிற எந்த மாதமும் வரப்போவதில்லை என்பதையும் பார்த்தான். பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணைச் சிமிட்டியது. விரல் நின்றது. அவன் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்தான். பதினேழு வருஷத்தில் ஜெபத்தின் நடுவே கை எடுத்தது கிடையாது. சத்தம் நின்றதும் கூரை மின்விசிறிகள் சுற்றுவது கேட்டது, கீழே மரம் அறுப்பது கேட்டது. ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். பாஸ்டர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி, பிளக் கழன்றுவிட்டதோ என்று கீபோர்டு வயரைப் பார்த்தார். இன்பராஜ் மேடையிலிருந்து இறங்கி அந்தப் பாயில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தான். மைக் இல்லை, தேவையும் படவில்லை.

"தங்கச்சி, எங்க வீட்ல இன்னைக்குக் காலையிலயும் மாத்திர போட்டாவ."

ஜெபசெல்வி விளங்காமல் பார்த்தாள்.

"நிறுத்துனதே கெடையாது. சாட்சி சொன்ன அன்னைக்கும் போட்டுட்டுத்தான் வந்தாவ. போன மாசம் ரெண்டு தடவ விழுந்தாவ. நாந்தான் மறைச்சிட்டேன். நீ நிறுத்தக்கூடாது. இப்பமே பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், எழும்பு."

"பிரதர்" என்றார் பாஸ்டர், மைக்கை வாயிலிருந்து நகர்த்திவிட்டு, மெதுவாக. அதட்டலாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கெஞ்சலாக வந்தது.

"கர்த்தர் இருக்காரு பாஸ்டர். நான் இல்லன்னு சொல்லல" என்றான் இன்பராஜ். சபை அவனையே பார்த்தது. பின்வரிசைக் கிழவர் என்ன என்ன என்று பக்கத்து ஆளைக் கேட்டார். ஜெபசெல்வி திட்டப்போகிறாள் என்று தோன்றியது, திட்டட்டும் என்று காத்திருந்தான். அவள் பையை இழுத்து உள்ளே கைவிட்டுத் துழாவினாள். மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"தூரப் போட மனசு வரலண்ணே. நாலு நாளாப் பைக்குள்ளயேதான் வச்சிக்கிட்டிருக்கேன்."

"இருக்கட்டும். டாக்டர்ட்டக் காட்டிட்டுக் குடுப்போம். வா."

அவன் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். கனமாக, சூடாக இருந்தது. பாய்களுக்கு நடுவே ஜனங்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். படியில் இரண்டு படி இறங்கியபிறகு அவள் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தான். இத்தனை நேரம் இல்லாத பதற்றம் அவள் கண்ணில் இருந்தது.

"அண்ணே, அப்ப அந்த அக்காகூட இப்ப வீட்டுல யாரு இருக்கா?"

மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும், அவன் சுகிர்தாவைத் தனியே விட்டுவிட்டுத்தான் அந்தப் பாட்டைப் பாட வந்திருக்கிறான். அதை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை.

"யாருமில்ல" என்றான்.